மை லாய்ப் படங்கள்: எடுத்தவர் ஏன் தடுக்கவில்லை?

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 31

1968-ல் வியட்நாமின் மை லாயில் நடந்த படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்ட அமெரிக்க ராணுவ அதிகாரி வில்லியம் கேல்லி இறந்துவிட்டார் என்று இப்போதுதான் செய்தி வந்திருக்கிறது. ஏப்ரலிலேயே போய்விட்டாராம், மூன்று மாதமாக வெளியுலகுக்குத் தெரியவில்லை. எல்லோரும் கேல்லியைத் திட்டுகிறார்கள், திட்டட்டும். அன்றைக்கு அதே இடத்தில் கேமராவோடு நின்ற ரொனால்ட் ஹேபர்லியை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? சாகப்போகிறவர்களைப் படம் எடுத்துவிட்டு நடந்து போனவர் அவர். என்னைக் கேட்டால் அவரும் குற்றவாளிதான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூலை 31, இரவு

மறுக்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் அல்ல.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அரைகுறையாகப் படித்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். 1968 மார்ச் 16, காலை ஏழரை மணி வாக்கில் வியட்நாமின் குவாங் ஙாய் மாகாணத்தில், மை லாய் அடங்கிய சோன் மி கிராமத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கின. வந்தது கேப்டன் மெதினாவின் சார்லி கம்பெனி என்ற அமெரிக்கப் படைப்பிரிவு, கேல்லி அதில் ஒரு லெப்டினன்ட். எதிர்த்து ஒரு குண்டும் வரவில்லை. அன்று அமெரிக்கர்கள் தரப்பில் காயம்பட்டவர் ஒரே ஒருவர், அவரும் தன் காலில் தானே சுட்டுக்கொண்டவர். கைப்பற்றிய துப்பாக்கிகள் மூன்று. அவர்கள் கொன்ற கிராமத்தார் அமெரிக்க ராணுவக் கணக்கில் 347, வியட்நாம் கணக்கில் 504. அங்குள்ள நினைவகப் பட்டியல்படி அதில் 182 பெண்கள், 173 சிறுவர் சிறுமியர்.

ஹேபர்லி அங்கே ராணுவத்தின் புகைப்படக்காரராகப் போனார். கூட ஜே ராபர்ட்ஸ் என்ற ராணுவ நிருபர். இருவரும் கம்பெனிக்கு வெளியாட்கள். ஹேபர்லி ஊருக்குத் திரும்பச் சில நாட்களே இருந்தன.

ஆகஸ்ட் 1

அவர் ஏதோ பத்திரிகைக்காரர் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. சார்ஜென்ட். சம்பளம் ராணுவத்துடையது, கீழ்ப்படிய வேண்டியதும் ராணுவத்துக்கே. எந்தப் பத்திரிகை அலுவலகமும் அவரை அங்கே அனுப்பவில்லை. இதை மறந்துவிட்டு "பத்திரிகை தர்மம்" பேசினால் விவாதம் எங்கேயும் போகாது.

ஆகஸ்ட் 1, பிற்பகல்

"சாகப்போகிறவர்களை நிறுத்திப் படம் எடுத்தார்" என்கிறீர்களே, அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா?

பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு சிறு கூட்டம். முன்னால் வயதான ஒருத்தி, முகமெல்லாம் கோணி அழுகிறாள். பின்னாலிருந்து இன்னொருத்தி அவளை இடுப்போடு கட்டிப் பிடித்திருக்கிறாள். வலப்பக்கம் கறுப்புச் சட்டை போட்ட இளம்பெண், இடுப்பில் குழந்தை. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பல ஆண்டுகள் இந்தப் படத்தின் கீழே "சுடப்படுவதற்குச் சற்று முன்" என்று மட்டும் போட்டார்கள். அந்தப் பொத்தானைப் பற்றிப் பேச்சே இல்லை. சிப்பாய்கள் சிலர் அந்தப் பெண்ணின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த முதியவள் அவர்கள் மீது பாய்ந்து தடுத்திருக்கிறாள் என்று ராபர்ட்ஸ் பிறகு சொன்னார். ஹேபர்லி கேமராவோடு நிற்பதைக் கவனித்ததும் கையை எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பிக்கொண்டார்களாம். ஹேபர்லி "நில்லுங்கள்" என்று கத்திவிட்டுப் படம் எடுத்தார். நடக்கத் தொடங்கியபோது பின்னால் துப்பாக்கிச் சத்தம்.

அப்படியானால் கேமரா ஒன்றைத் தடுத்திருக்கிறது. பெண்ணின் சட்டையில் கை வைத்ததைக் கேமரா பார்த்துவிடக் கூடாது என்று வெட்கப்பட்டிருக்கிறார்கள். கொல்வதற்கு அந்த வெட்கம் தேவைப்படவில்லை. கேமரா முன்னாலேயே கொல்லலாம் என்று நம்பியிருக்கிறார்கள். "ஏன் தடுக்கவில்லை" என்பதைவிட எனக்கு இதுதான் பயங்கரமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்டவர் விடவில்லை. "நீங்களும் படம் எடுத்தவர்தானே, உங்கள் இனத்துக்குப் பரிந்து பேசுகிறீர்கள்" என்கிறார். எங்கள் இனம்! கல்யாணத்துக்குப் போனால் சமையல்காரரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இனம்.

மாவட்டப் பத்திரிகை ஒன்றுக்குப் படம் எடுத்து வெகுகாலம் பிழைத்தவன் நான். விருதுநகர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை விபத்துக்குப் போனபோது ஆம்புலன்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. ஷெட்டுகளில் ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. நான் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "படம் பிடிக்கிற கையால் ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாதா?" தூக்கினேன். ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து ஆட்களையும் தூக்கினேன். சாயங்காலம் அலுவலகத்தில் ரோலைக் கழுவினால் உருப்படியாகச் சில ஃபிரேம்கள்தான். "மற்ற பேப்பர்க்காரன் எல்லாம் வைத்திருக்கிறான், உன்னிடம் மட்டும் ஏன் இல்லை" என்று ஆசிரியர் கேட்டார்.

அந்த அம்மா கேட்டதும் நியாயம், ஆசிரியர் கேட்டதும் நியாயம் என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்று: பட்டாசு ஆலையில் என்னைச் சுற்றி யாரும் துப்பாக்கி வைத்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 4

"ஹியூ தாம்சன் தடுத்தாரே!" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஆம், தடுத்தார். ஹெலிகாப்டர் விமானி. மேலிருந்து பார்த்து, சிப்பாய்களுக்கும் பதுங்கியிருந்த கிராமத்தாருக்கும் நடுவே வண்டியை இறக்கினார். நம்மவர்கள் இவர்களைச் சுட்டால் நம்மவர்களையே சுடுங்கள் என்று தன் ஆட்கள் கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா இருவரிடமும் சொன்னார். ஆண்ட்ரியோட்டா அடுத்த மாதமே போரில் செத்துப்போனார். ராணுவம் மூவருக்கும் உரிய பதக்கம் கொடுக்க 1998 ஆயிற்று.

தாம்சனை எதிரே நிறுத்தினால் ஹேபர்லி சிறுத்துத்தான் போவார். அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த அளவுகோலில் அன்று அங்கிருந்த எல்லோரும் சிறுத்துப்போகிறார்கள்.

ஆகஸ்ட் 6

இனி என் தொழிலறிவு கொஞ்சம் உதவுகிற இடம்.

ஹேபர்லியிடம் இரண்டு வகை ஃபிலிம் இருந்தது. ராணுவம் கொடுத்த கேமராவில் கறுப்பு வெள்ளை. சொந்த நிக்கானில் கலர் ஸ்லைடு. கறுப்பு வெள்ளையில் நாற்பது சொச்சம், கலரில் பதினெட்டு என்று பின்னால் நடந்த ராணுவ விசாரணையில் கணக்குக் காட்டினார்கள். கறுப்பு வெள்ளையை யூனிட்டில் ஒப்படைத்துவிட்டார். அதில் இருப்பது ஹெலிகாப்டர் இறங்குவது, சிப்பாய்கள் நடப்பது, ஒரு கிழவரை விசாரிப்பது, குடிசைக்குத் தீ வைப்பது. பிணங்கள் சொந்தக் கேமராவில்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பல்ல. எங்கள் காலத்தில் கழுத்தில் இரண்டு கேமரா தொங்கினால் ஒன்று அலுவலகத்துடையது, ஒன்று நம்முடையது. அலுவலக ரோலில் என்ன விழும் என்பது கைக்குத் தெரியும். கலெக்டர் கொடியசைப்பது, அமைச்சர் நாடா வெட்டுவது. லத்தி அடியில் மண்டை உடைந்தவனைக் கண்டால் கை தானாகச் சொந்தக் கேமராவுக்குப் போய்விடும். யாரும் உத்தரவு போட்டதில்லை. அலுவலக ரோல் யார் கைக்குப் போய், எந்த மேஜையில் தூங்கும் என்று தெரிந்தவன் அப்படித்தான் செய்வான்.

அதனால்தான் "படங்களை மறைத்தார்" என்று ஒரே சொல்லில் அடிப்பதை ஏற்க முடியவில்லை. கலர்ப் படங்களையும் யூனிட்டில் கொடுத்திருந்தால் அவை என்ன ஆகியிருக்கும்? ராபர்ட்ஸ் எழுதிய செய்தியைப் பாருங்கள்: எதிரிகள் 128 பேர் பலி, வெற்றி. ராணுவப் பத்திரிகையில் அது வெளிவந்தது. வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தளபதி ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்ட் பாராட்டுச் செய்தி அனுப்பினார். பிணங்களைக் கண்ணால் பார்த்த நிருபரே அப்படி எழுதிய ஒரு நிறுவனத்தில் அந்த ஸ்லைடுகள் ஒரு வாரம் பிழைத்திருக்குமா?

ஆகஸ்ட் 6, கொஞ்ச நேரம் கழித்து

இருந்தாலும் ஒன்றரை ஆண்டு அந்தப் படங்கள் அவரிடமே கிடந்தன. அந்த ஒன்றரை ஆண்டை என்னால் விழுங்க முடியவில்லை.

ஊருக்கு வந்தார், ஒஹையோ. கிளப்புகள், பள்ளிகள் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் ஸ்லைடு காட்டினார். முதலில் சிரிக்கும் வியட்நாம் குழந்தைகள், மருத்துவ முகாம், வயல். பிறகு நடுவே இந்தப் பிணங்கள். திரும்பவும் வேறு படங்கள். பார்த்தவர்கள் நம்பவில்லை, அமெரிக்கச் சிப்பாய் இப்படிச் செய்யமாட்டான் என்றார்கள். ஒருவர்கூட மறுநாள் ஒரு பத்திரிகைக்கோ எம்.பி.க்கோ போன் செய்ததாகத் தெரியவில்லை.

குற்றவாளிக் கூண்டில் ஹேபர்லியை ஏற்றுகிறவர்கள் பக்கத்தில் இன்னும் சில நாற்காலிகள் போடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்து ஸ்லைடு பார்த்துவிட்டுப் போனார்களே, அவர்களுக்கு.

ஆகஸ்ட் 9

"ஹேபர்லியின் படங்கள்தான் மை லாயை வெளிக்கொண்டுவந்தன" என்று எழுதுவதை நிறுத்துங்கள். வெளிக்கொண்டுவந்தவர் ரான் ரைடனவர் என்ற முன்னாள் சிப்பாய். அவர் அங்கே இருந்தவர்கூட இல்லை. கூட்டாளிகள் சொன்னதைச் சேர்த்து 1969 மார்ச் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மற்றவர்களுக்கும் கடிதம் போட்டார். அதன் பிறகே விசாரணை. ஆகஸ்டில் ராணுவப் புலனாய்வாளர் ஹேபர்லியைத் தேடி வந்தார், அவரும் படங்களைக் காட்டினார். செப்டம்பரில் கேல்லி மீது குற்றச்சாட்டு. நவம்பர் 13-ல் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷின் செய்தி. படங்கள் வந்தது நவம்பர் 20-ல், கிளீவ்லாந்து நகரின் பிளெயின் டீலர் நாளிதழில். டிசம்பர் 5 தேதியிட்ட லைஃப் இதழில்தான் கலரில் வந்தன.

ஹெர்ஷின் செய்தி வந்த ஒரு வாரம் "யாரோ எழுதுகிறான்" என்று தள்ளிவிட முடிந்தது. நவம்பர் 20-க்குப் பிறகு அது முடியவில்லை. படத்தின் வேலை அவ்வளவே, அது சின்ன வேலையும் அல்ல.

முடியவில்லை என்றா சொன்னேன்? முடிந்தவர்களும் இருந்தார்கள். பிணத்தை முதல் பக்கத்தில் போடுவதா என்று பத்திரிகைக்குப் போன் போட்டு வைதார்கள். 1971-ல் கேல்லிக்குத் தண்டனை வந்தபோது ஜார்ஜியா ஆளுநர், அவருக்கு ஆதரவாகப் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டு வண்டி ஓட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆளுநர் பெயர் ஜிம்மி கார்ட்டர். ஆம், பிறகு ஜனாதிபதியான அதே கார்ட்டர்.

ஆகஸ்ட் 10

பொழுதுபோக்குக்கு ஒன்று. பிளெயின் டீலரில் அந்தச் செய்தியை எழுதியவர் ஜோ எஸ்டர்ஹாஸ், ஹேபர்லி படித்த பல்கலைக்கழகத்திலேயே படித்தவர். பிறகு ஹாலிவுட் போய்க் கவர்ச்சிப் படங்களுக்குத் திரைக்கதை எழுதிக் கோடிகளில் சம்பாதித்தார். ஹேபர்லி படத்தை விற்றதைப் பற்றி இங்கே ஒரு நண்பர் பொங்கியிருக்கிறார், அவருக்காக இந்தத் தகவல்.

விற்றார்தான். லைஃபுக்கும் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும். பிணப்படத்துக்குப் பணமா என்றால், நாங்கள் எல்லோரும் வாங்கினோம். பத்திரிகை மட்டும் சும்மாவா விற்கிறது?

ஆகஸ்ட் 17

படுகொலையை ஆராய ராணுவம் அமைத்த பீர்ஸ் விசாரணைக்குழுவை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார், "குழு அவரைக் குறை சொல்லவில்லை" என்று. சொன்னது. கண்டதை மேலிடத்தில் தெரிவிக்கவில்லை, சாட்சியமான படங்களை உரியவர்களிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்று தெளிவாகச் சொன்னது. வழக்குத்தான் போடவில்லை.

அந்த விசாரணையில் அவர் சொன்ன ஒரு பதில் மறக்க முடியாதது. ஒரு ஜெனரல் சிரிக்கக் கூடாத விதத்தில் சிரித்துவிட்டால் அந்தப் படத்தையே அழிக்கக் கற்றுக்கொண்டவன் நான் என்ற பொருளில் சொன்னார். ஜெனரல் பீர்ஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் எப்படிச் சிரித்தார் என்பதற்குப் படம் இல்லை.

ஆகஸ்ட் 25

சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருந்தேன், இதைத் தள்ளிப்போட. இப்போது எழுதிவிடுகிறேன். ஹேபர்லி மீது எனக்குள்ள வழக்கு இதுதான்.

2009-ல், படங்கள் வெளிவந்து நாற்பது ஆண்டு ஆனபோது, அதே பிளெயின் டீலரிடம் சொன்னார்: சிப்பாய்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்த படங்களும் இருந்தன, அவற்றை நானே அழித்துவிட்டேன் என்று. இன்னார் என்று அடையாளம் தெரிகிற படங்கள். ஒருவரைக் கைகாட்டுவதற்கு அவர் விரும்பவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தப் படங்களைப் பாருங்கள். பாதையில் பிணங்கள் கிடக்கின்றன, கொன்றவன் இல்லை. பெண்கள் நடுங்குகிறார்கள், எதிரே நிற்பவன் இல்லை. குடிசை கொளுத்துகிறவன் முகம் தெரிகிறது, சுடுகிறவன் முகம் எங்கேயும் இல்லை. நாற்பது ஆண்டுகள் இதைப் பார்த்துவிட்டு, அந்தக் குழப்பத்தில் அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தொழில் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நெகட்டிவ் ரோலில் நடுவே ஒன்றை எடுத்தால் தெரிந்துவிடும், ஓரத்தில் எண் ஓடுகிறது, வெட்டினால் இடைவெளி பேசும். ஸ்லைடு அப்படியல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைச் சட்டத்தில் வருகிறது. நாலைந்தை உருவிவிட்டு மிச்சத்தைத் தட்டில் வரிசையாக அடுக்கினால் பார்ப்பவனுக்கு முழுசாகவே இருக்கும். பதினெட்டு என்று எண்ணி வாங்கிக்கொண்டவர்களுக்கு அது பதினெட்டுதான்.

26 பேர் மீது குற்றச்சாட்டுகள் வந்தன. தண்டனை பெற்றவர் கேல்லி ஒருவர், 22 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. ஜனாதிபதி நிக்சன் தலையிட்டுச் சிறையை வீட்டுக்காவலாக்கினார், ஏறக்குறைய மூன்றரை ஆண்டில் வெளியே வந்துவிட்டார். மெதினா விடுதலை. அந்தப் படங்கள் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பகலில் விளக்கு எரித்துக்கொண்டு போன ஊர் அது. ஆனால் மாறாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் படம் எடுத்தவனுக்குக் கிடையாது.

அன்று தடுக்கவில்லையே என்று கேட்டால், துப்பாக்கிகளுக்கு நடுவே நின்றவர் என்று சொல்வேன். யூனிட்டில் கொடுக்கவில்லையே என்றால், நல்ல வேளை என்பேன். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, யாருடைய முகம் தெரிகிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது இருக்கிறதே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 26

"காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பார், அதுவும் ஒரு விசுவாசம்தானே" என்று ஒருவர். ஆமாம். அந்தப் பொத்தான் போட்ட பெண்ணுக்கு விசுவாசமாக இருக்க அங்கே யாருமே இல்லை.

செப்டம்பர் 2

சுவரொட்டி பற்றிக் கேட்டவருக்கு. பாதையில் பிணங்கள் கிடக்கும் படத்தின் மேல் "குழந்தைகளுமா? குழந்தைகளும்" என்ற கேள்வியும் பதிலும். பால் மெட்லோ என்ற சிப்பாயைத் தொலைக்காட்சியில் மைக் வாலஸ் பேட்டி கண்டபோது வந்த வரிகள் அவை. நியூயார்க் கலைஞர்கள் சிலர் நவீனக் கலை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து அச்சிடுவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அருங்காட்சியகம் பின்வாங்கிவிட்டது. கலைஞர்கள் தாங்களே ஐம்பதாயிரம் பிரதி அடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு அதே அருங்காட்சியகத்துக்குள் போய், அப்போது அங்கே இருந்த, ஸ்பெயின் ஊர் ஒன்றின் மீதான குண்டுவீச்சைச் சொல்லும் பிக்காசோவின் குவெர்னிகா ஓவியத்தின் முன்னால் சுவரொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முப்பது ஆண்டு பழைய குண்டுவீச்சுக்கு இடம் உண்டு, போன வருடக் கொலைக்கு இடமில்லை. எந்த ஊர் நிறுவனமும் இப்படித்தான்.

செப்டம்பர் 14

பாதையில் இரண்டு குழந்தைகள் கிடக்கும் படம் பற்றி. பெரியது சின்னதை மூடிக்கொண்டு படுத்திருக்கும். இருவரும் செத்துப்போன சிறுவர்கள் என்றே வெகுகாலம் அடிக்குறிப்பு இருந்தது. ஜெர்மனியில் வாழும் ஒருவர், அந்தப் பெரிய பிள்ளை நான்தான், கீழே இருப்பது என் தங்கை, இருவரும் பிழைத்தோம் என்று சொன்னார். நினைவகத்தில் அதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஹேபர்லி அவரைச் சந்தித்துப் பேசி, அவர் சொல்வது சரி என்றார். அன்று கையில் வைத்திருந்த நிக்கானையும் அவருக்கே கொடுத்துவிட்டார்.

இதை வாசித்துவிட்டு "பார்த்தீர்களா, மனிதர் நல்லவர்" என்று எழுதப் போகிறீர்கள் என்று தெரியும். நல்லவராகவே இருக்கட்டும். நான் நடத்தை சான்றிதழ் கொடுக்க உட்காரவில்லை.

2025 மே 20

இந்த விவாத இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், யாரோ எழுப்பிவிட்டார்கள். 1972-ல் வியட்நாமில் நாபாம் தீக்குண்டில் வெந்து ஓடிவந்த சிறுமியின் படத்தை நிக் உட் எடுத்ததாகச் சொல்வதை உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு நிறுத்திவைத்திருக்கிறதே, அதையும் இங்கே பேசலாமா என்கிறார். ஏபி செய்தி நிறுவனம் அவர் பெயரையே தொடர்கிறது. வேறொருவர், பத்திரிகைகளுக்குப் படம் விற்ற உள்ளூர்க்காரர் எடுத்தது என்பது எதிர்த்தரப்பு. தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்தத் தொழிலில் உள்ளூர்க்காரன் எடுத்த படத்தில் வேறு பெயர் ஏறுவது நடக்காத காரியம் என்று சொல்கிறவன் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குள்ளும் கால் வைத்திருக்கமாட்டான். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

மே 21

முதல் கேள்வி கேட்டவர் பல மாதம் கழித்து வந்து, "கடைசியில் நீங்களும் குற்றவாளி என்றுதானே முடித்தீர்கள்" என்கிறார். இல்லை ஐயா. நீங்கள் மார்ச் 16 காலைக்காகக் கூண்டில் ஏற்றினீர்கள். நான் அதற்குப் பிறகு அவர் படங்களை அழித்ததற்காகக் கேட்கிறேன். இரண்டும் ஒன்றென்றால் நாம் இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை.